அறிவியல் பட்டமா, கலைப் பட்டமா: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் 'எந்த குரூப்' என்று தொடங்கும் பேச்சு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் 'எந்த மேஜர்' என்று தொடர்கிறது. அந்த நாட்களில் தமிழ்நாட்டு வீடுகளில் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் கேட்பது வேலைவாய்ப்பைப் பற்றித்தான் என்றாலும், மூன்றாண்டுப் படிப்பு ஒருவருடைய சிந்தனையையும் அவர் பங்குகொள்ளும் பொதுவாழ்வையும் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே எழுதியுள்ளேன். ஒவ்வொரு துறையும் சில வகைத் தவறுகளைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்குகிறது, வேறு சில தவறுகளைக் கண்ணில் படாமலே விட்டுவிடுகிறது என்பதே இந்த விடைகளுக்கெல்லாம் அடிப்படையான என் கருத்து.

அறிவியல் படிப்பவர்கள், கலைப்பாடம் படிப்பவர்களைவிட அறிவுத்திறன் மிக்கவர்களா?

இந்த எண்ணம் நம் பள்ளிகளின் சேர்க்கை முறையிலிருந்து வளர்ந்தது. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கியவர்களுக்கு முதல் குரூப், அடுத்த நிலையில் உள்ளவர்களுக்கு உயிரியலோ வணிகவியலோ, கடைசியில் மிஞ்சுபவர்களுக்கு வரலாறு என்று ஒதுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளை வரிசைப்படுத்திப் பிரித்தவர்களும் நாமே. பிரித்த பிறகு ஒரு வகுப்பில் மதிப்பெண் கூடுதலாக இருப்பதைப் பார்த்து, அந்தப் பாடமே அறிவாளிகளின் பாடம் என்று முடிவுகட்டுகிறவர்களும் நாமே. வரிசையின் விளைவைப் பாடத்தின் தன்மையாக எண்ணிவிடுகிறோம்.

படிப்பு அறிவுத்திறனை உயர்த்துகிறதா என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. ஸ்டூவர்ட் ரிச்சி, எலியட் டக்கர்-டிராப் ஆகிய இரு உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 42 தரவுத் தொகுப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஒருவர் கல்வியில் இருக்கும் ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் அறிவுத்திறன் சோதனையில் ஏறக்குறைய 1 முதல் 5 புள்ளிகள் வரை கூடுகின்றன என்பது அதன் முடிவு. அந்த ஆய்வு அளந்தது படித்த ஆண்டுகளையே என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். விரும்பிய படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பன்னிரண்டாம் வகுப்போடு ஒரு பெண்ணை வீட்டில் நிறுத்திவிடும் குடும்பம், அவளை எந்தப் பட்டப்படிப்பில் சேர்த்திருந்தாலும் அடைந்திருக்கக்கூடிய வளர்ச்சியை இழக்கச் செய்கிறது.

அப்படியானால் எந்தப் பாடத்தைப் படித்தாலும் சிந்தனையில் வேறுபாடு வராதா?

வரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாரின் லேமன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் இதை நேரடியாகச் சோதித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மாணவர்களை முதலாண்டிலும் நான்காம் ஆண்டிலும் சோதித்தபோது, உளவியல் முதலிய சமூக அறிவியல் பாடங்களைப் படித்தவர்கள் புள்ளியியல் சார்ந்த சிந்தனையில் பெரிதும் முன்னேறியிருந்தார்கள். இயற்கை அறிவியலும் கலைப்பாடங்களும் படித்தவர்கள், 'இது இருந்தால் அது இருக்க வேண்டும்' என்ற வகையிலான நிபந்தனைகளைக் கையாளும் தருக்கத்தில் முன்னேறியிருந்தார்கள். அதற்கு முன் 1988இல் முதுநிலை மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், மருத்துவமும் உளவியலும் படித்தவர்கள் இருவகைச் சிந்தனையிலும் வளர்ந்திருக்க, சட்டம் படித்தவர்கள் நிபந்தனைத் தருக்கத்தில் மட்டும் வளர்ந்திருந்தார்கள். வேதியியல் மாணவர்களிடம் இவ்விரண்டிலுமே குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. வேதியியல் தாழ்ந்தது என்பது இதன் பொருளாகாது. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுக்கூடத்தில் விடை உறுதியாகக் கிடைப்பதால், நிச்சயமின்மையோடு போராடும் தேவை அங்கே குறைவு என்றே ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இந்த இரு வகைச் சிந்தனையும் அன்றாட வாழ்வில் எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்போம். காலாண்டுத் தேர்வில் 98 வாங்கிய மகன் அரையாண்டில் 85 வாங்கினால், கைபேசிதான் கெடுத்தது என்று வீட்டில் முடிவாகிவிடும். புள்ளியியல் பழகியவர், 98 என்பது அவனுடைய வழக்கமான மதிப்பெண்ணா, அல்லது கேள்விகள் சாதகமாக அமைந்த ஒரு நாளின் உச்சமா என்று முதலில் கேட்பார். உச்சத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் சராசரியை ஒட்டியதாகவே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இனி நிபந்தனைத் தருக்கத்தைப் பார்ப்போம். 'இலவசப் பயண அட்டை வைத்திருப்பவர் மாணவராக இருக்க வேண்டும்' என்ற விதி பேருந்தில் மீறப்படுகிறதா என்று அறிய யாரைச் சோதிக்க வேண்டும்? அட்டை வைத்திருப்பவர் மாணவர்தானா என்று பார்க்க வேண்டும். மாணவரல்லாதவரிடம் அட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாணவர்களிடம் அட்டை இருக்கிறதா என்று துருவுவதால் எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் மாணவர் சீட்டு வாங்கிக்கொண்டு பயணம் செய்வது விதிமீறல் ஆகாது. விதி மனத்துக்கு நெருக்கமானதாக இருக்கும்போது நாம் ஓரளவு சரியாகச் சிந்திக்கிறோம். அதே கேள்வியை வெறும் எழுத்துகளாலும் எண்களாலும் கேட்டால் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அந்தத் தவறைக் குறைப்பதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

சீனிவாச ராமானுஜன் தேர்வில் தோற்றவர்தானே? பட்டத்தைக் கொண்டு அறிவை மதிப்பிட முடியுமா?

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன்; பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்விலும் (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்நாளைய தேர்வு) தோற்றார். 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆய்வின் அடிப்படையில் அவருக்கு வழங்கியது பி.ஏ. பட்டம். சர் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1904இல் பெற்றதும் பி.ஏ. பட்டமே, 1907இல் எம்.ஏ. முடித்து இந்திய நிதித்துறையில் அதிகாரியாகச் சேர்ந்து, அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர் அவர். ஒரு பட்டம் குறிப்பிட்ட பாடத்திட்டத்தை முடித்ததற்கான சான்று. அதை முழு மனிதனுக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்வதற்கு வரலாறு எந்த ஆதரவும் தரவில்லை. அதே சமயம் ராமானுஜனைக் காட்டி, பட்டமே வேண்டாம் என்று வாதிடுவதும் சரியாகாது. ஆதரவு கிடைக்கும்வரை அவர் பட்ட வறுமையை மறந்துவிட்டுத்தான் அந்த வாதத்தை முன்வைக்க முடியும்.

அறிவியல் படித்தவர் பின்னாளில் வரலாற்றையோ இலக்கியத்தையோ தானே படித்துக்கொள்ளலாம், கலைப்பாடம் படித்தவரால் அறிவியலை அப்படிப் படிக்க முடியாது என்கிறார்களே?

இதில் பாதி உண்மை. கணிதமும் இயற்பியலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் பாடங்கள் என்பதால் நடுவில் விட்டவர் மீண்டும் பிடிப்பது கடினம், ஆய்வுக்கூடத்தை வீட்டில் அமைத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் கலைப்பாடங்கள் ஓய்வு நேரத்தில் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு, அந்தப் பாடங்களின் உழைப்பை அருகிலிருந்து பார்க்காததால் வருவது.

கீழடியை எடுத்துக்கொள்வோம். அங்கே எடுக்கப்பட்ட கரி மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. கரித்துண்டின் வயதைச் சொல்வது இயற்பியல். அந்தக் கரி கிடைத்த மண் அடுக்கும், எழுத்துப் பொறித்த பானை கிடைத்த மண் அடுக்கும் ஒரே காலத்தவையா என்பதை அகழ்வாய்வு அறிஞர் அடுக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பானை ஓட்டில் உள்ள கீறல்களை 'ஆதன்' என்ற ஆளின் பெயராக வாசிப்பதற்கு, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தின் வளர்ச்சி முழுவதும் மனத்தில் இருக்க வேண்டும். தொடக்க காலத்து எழுத்துமுறையில் அகர உயிர்மெய்க்கும் ஆகார உயிர்மெய்க்கும் ஒரே குறி இடப்பட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. எங்கே குறில், எங்கே நெடில் என்பதைச் சங்கத் தமிழையும் பிற கல்வெட்டுகளையும் ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. வேதியியலிலும் சட்டத்திலும் பட்டம் பெற்று ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஐராவதம் மகாதேவன், தமிழி கல்வெட்டுகளைப் பற்றிய தம் பெருநூலை 2003இல் வெளியிட்டார். அறுபதுகளில் தொடங்கிய உழைப்பு அது. அறிவியல் பட்டதாரி கலைத்துறைக்குள் வர முடியும் என்பதற்கு அவர் சான்று. அதற்கு எத்தனை பத்தாண்டுகள் பிடிக்கும் என்பதற்கும் அவரே சான்று.

பி.ஏ. படித்தால் வேலை கிடைக்காது என்பது உண்மையா?

பி.ஏ. பட்டம் மட்டும் இருந்தால் கடினம். பெற்றோரிடம் இதை மறைப்பதில் பயனில்லை. காரணம் பாடத்தின் மதிப்பைவிட எண்ணிக்கையில்தான் அதிகம் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களில் 34.2 விழுக்காட்டினர் கலைப்பாடங்களிலும், 14.8 விழுக்காட்டினர் அறிவியலிலும், 13.3 விழுக்காட்டினர் வணிகவியலிலும், 11.8 விழுக்காட்டினர் பொறியியல், தொழில்நுட்பத்திலும் இருந்தார்கள். மூன்றில் ஒருவர் வைத்திருக்கும் பட்டம், வேலை கொடுப்பவரின் பார்வையில் ஒருவரைத் தனித்துக் காட்டாது. அதனால் பி.ஏ. மாணவருக்கு அதனோடு சேர்ந்த இரண்டாவது தகுதி தேவைப்படுகிறது. பி.எட்., சட்டம், சமூகப்பணி, நூலகவியல், இதழியல், மொழிபெயர்ப்பு, கணக்கியல் மென்பொருள் என்று அது எதுவாகவும் இருக்கலாம்.

ஆனால் இதையே சொல்லி அறிவியல் பக்கம் தள்ளுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கணினி அறிவியலுக்கும் பொறியியலுக்கும் உள்ள சந்தை மதிப்பைப் பொதுவாக 'அறிவியலின்' மதிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். பி.எஸ்சி. இயற்பியலோ தாவரவியலோ முடித்த மாணவர், எம்.எஸ்சி., பி.எட்., போட்டித் தேர்வு என்று அடுத்த படியைத் தேடுவதில் பி.ஏ. வரலாறு முடித்தவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழ் மொழித் தகுதிக்கானவை. இந்தத் தேர்வுகளுக்கு ஓராண்டு தனியாக உட்கார்ந்து படிக்கும் பொறியியல் பட்டதாரிகளை எந்த மாவட்ட நூலகத்திலும் பார்க்கலாம். அவர்கள் படிப்பது வரலாறு, அரசியல் அமைப்பு, புவியியல், இலக்கியம்.

சம்பளத்தில் நிலையான வேறுபாடு இருக்கிறதா?

தொடக்கச் சம்பளத்தில் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது எப்படி மாறுகிறது என்பதை டேவிட் டெமிங், கடீம் நோரே ஆகிய பொருளியலாளர்கள் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். கணினி, பொறியியல் போன்ற செயல்முறைத் துறைகளில் படித்தவர்களின் வருவாய் முன்னிலை வேலைக்குச் சேரும் காலத்தில் மிக அதிகமாகவும், முதல் பத்தாண்டிலேயே பெரிதும் குறைவதாகவும் அவர்கள் கண்டார்கள். கல்லூரியில் கற்ற கருவிகள் பழையனவாகிவிடுவதும், புதியவற்றோடு இளையவர்கள் வந்து சேர்வதுமே காரணம். அமெரிக்கச் சந்தையின் கணக்கை அப்படியே சென்னைக்கும் கோவைக்கும் பொருத்த முடியாது. இருந்தாலும், மென்பொருள் நிறுவனத்தில் பத்தாண்டு கழித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மேலே செல்லச் செல்ல எழுதுவதும், வாடிக்கையாளரின் மனத்தை அறிவதும், குழுவை நடத்துவதுமே வேலையாகிவிட்டது என்பார்கள்.

இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் பொறியாளர்கள் முன்னிலையில் இருப்பது எதைக் காட்டுகிறது?

முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் கட்டுரைக்கு 250, பொது அறிவுத் தாள்கள் நான்குக்கு 1000, விருப்பப் பாடத்துக்கு 500. நேர்காணலுக்கு 275 சேர்ந்து மொத்தம் 2025. பொது அறிவின் நான்காம் தாள் அறநெறி பற்றியது. விருப்பப் பாடமாக மானிடவியல், சமூகவியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றைப் பொறியாளர்கள் பலர் எடுக்கிறார்கள். பொறியியல் வகுப்பில் வந்த பழக்கமும் கலைப்பாடத்தின் உள்ளடக்கமும் சேர்ந்தே அவர்களுக்கு வெற்றி தருகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2011இல் முதல்நிலைத் தேர்வில் திறனறித் தாள் சேர்க்கப்பட்டபோது, அது ஆங்கில வழியில் படித்த பொறியாளர்களுக்கும் மேலாண்மைப் பட்டதாரிகளுக்கும் சாதகமானது என்று கலைப்பாடம் படித்தவர்களும் இந்திய மொழிகளில் எழுதியவர்களும் எதிர்த்தார்கள். 2014இல் தில்லியில் பெரும் போராட்டம் நடந்தது. 2015 முதல் அந்தத் தாள் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்ற தகுதித் தாளாக மாற்றப்பட்டது. நாட்டின் நிருவாகத்தில் எந்த வகைச் சிந்தனைக்கு எவ்வளவு இடம் என்பதே தெருவில் இறங்கிப் பேசவேண்டிய கேள்வியானதை அந்தப் போராட்டம் காட்டியது. மாணவர்கள் அதை எழுப்பியது சரியென்றே கருதுகிறேன்.

பொதுவாழ்வுக்கு எந்தப் படிப்பு ஏற்றது?

ஆட்சியில் இருந்தவர்களின் பட்டங்களை வரிசையாக வைத்தால் எந்தச் சூத்திரமும் கிடைக்காது. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் படித்தவர். ஆயிரக்கணக்கான பள்ளிகளைத் திறந்து மதிய உணவைக் கொண்டுவந்த காமராசர் கல்லூரி வாசலை மிதிக்காதவர். பிரிட்டனின் மார்கரெட் தாட்சர் ஆக்ஸ்போர்டில் வேதியியல் படித்தார். குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜெர்மனியின் ஏஞ்சலா மெர்க்கல், ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைப் பரப்புகிறார் என்று சொல்லும் கொரோனா பரவல் விகிதத்தை 2020 ஏப்ரலில் மக்களுக்கு விளக்கியபோது, அது 1.1 ஆனால் அக்டோபரிலும், 1.2 ஆனால் ஜூலையிலும், 1.3 ஆனால் ஜூனிலும் மருத்துவமனைகள் கொள்ளளவை எட்டிவிடும் என்று எளிய எண்களில் சொன்னார். அவ்வளவு சிறிய மாற்றத்தின் விளைவு அவ்வளவு பெரிது என்பதை ஒரு தலைவரே உணர்ந்து பேசியது அந்நாட்டு மக்களுக்குக் கிடைத்த நன்மை.

நமக்கு நெருக்கமான சான்று சி. சுப்பிரமணியம். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பின்பு சட்டம் முடித்தவர். 1964இல் ஒன்றிய உணவு, வேளாண் அமைச்சரானார். பஞ்சம் வாசலில் நின்ற காலத்தில், எதிர்ப்புகளை மீறி 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்யும் முடிவை எடுத்தார். விஞ்ஞானிகள் சோதனைத் திடல்களில் காட்டிய விளைச்சலைப் படித்துப் புரிந்துகொண்டு, அதை நாடாளுமன்றத்தில் வாதாடி நிலைநாட்ட அவருடைய இரு படிப்புகளும் துணைநின்றன என்றே சொல்ல வேண்டும்.

அதே ஆண்டுகளில் தஞ்சை மாவட்டத்திலும் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்தது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வயல்களில் பரவியது. விளைச்சல் கூடும் என்பதை வேளாண் அறிவியல் சரியாகவே கணித்தது. கூடிய நெல்லில் நடவு செய்தவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் எவ்வளவு என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. நிலம் யாரிடம் இருந்தது, கூலியை யார் முடிவுசெய்தார்கள், சாதி அதில் எப்படி வேலை செய்தது என்பவற்றையெல்லாம் அறிய வரலாறும் பொருளியலும் சமூகவியலும் தேவைப்பட்டன. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, குடிசைக்குள் தஞ்சம் புகுந்த தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விதையையும் கூலியையும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாகப் பார்க்கத் தெரிந்த அரசும் அதிகாரிகளும் எவ்வளவு தேவை என்பதை இதைவிட வலிமையாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

இந்த இணைப்பைத் தம் ஒரே வாழ்க்கையில் செய்து காட்டியவர் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்று, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராக வாதாடினார். அந்த வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947இல் வந்தது. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். நோய் எங்கே உடலில் இருக்கிறது, எங்கே சமூகத்தில் இருக்கிறது என்று பிரித்தறியத் தெரிந்த மருத்துவர் அவர்.

அறிவியல் பட்டம் பெற்றால் அறிவியல் மனப்பான்மை வந்துவிடுமா?

தானாக வராது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஆதாரமற்ற மருத்துவச் செய்திகளை அனுப்புபவர்களில் பொறியாளர்களும் அறிவியல் ஆசிரியர்களும் இருக்கிறார்கள் என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு செய்தியை நம்பும் முன் யார் சொன்னது, எப்போது சொன்னது, எதற்காகச் சொன்னது என்று கேட்பது வரலாற்று மாணவரின் முதல் பாடம். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இருந்ததா என்று கேட்பது அறிவியல் மாணவரின் முதல் பாடம். பொய்ச் செய்தியைப் பிடிக்க இரண்டு கேள்விகளும் வேண்டும். 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியே அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராயும் உணர்வு, சீர்திருத்த உணர்வு ஆகியவற்றை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று ஒரே கூறில் சொல்கிறது. இவற்றைச் சேர்த்து எழுதியவர்கள் அவற்றைப் பிரிக்க விரும்பவில்லை என்றே படிக்கிறேன்.

பி.எஸ்சி. மாணவர் பகுதி 1இல் தமிழ் படிப்பது நேரத்தை வீணாக்குவதா?

நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பு பகுதிகளாக அமைந்திருக்கிறது. பகுதி 1இல் தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2இல் ஆங்கிலம், பகுதி 3இல் மேஜரும் அலைட் எனப்படும் துணைப் பாடங்களும் வரும். வேதியியல் மாணவி குறுந்தொகைப் பாடலுக்குப் பொருள் எழுதுவதும், கணித மாணவர் சிறுகதை படிப்பதும் இந்த ஏற்பாட்டால்தான் நடக்கின்றன. இது பெரிய வரம். அறிவியலாளர்களும் இலக்கியவாதிகளும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாத இரு பண்பாடுகளாகப் பிரிந்துவிட்டார்கள் என்று 1959இல் கேம்பிரிட்ஜில் அறிவியலாளரும் நாவலாசிரியருமான சி.பி. ஸ்னோ ஆற்றிய உரை உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. அந்தப் பிளவின் ஒரு பாதியையாவது நம் பாடத்திட்டம் இணைத்து வைத்திருக்கிறது.

மறுபாதியில்தான் என் ஆதங்கம். பி.எஸ்சி. மாணவர் இலக்கியம் படிக்கிறார், ஆனால் பி.ஏ. வரலாறோ தமிழோ படிப்பவர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு எண்களைச் சந்திக்காமலே பட்டம் பெற்றுவிடலாம். ஓர் ஆய்வறிக்கையின் அட்டவணையைப் படிக்கவும், விழுக்காட்டுக்கும் விழுக்காட்டுப் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவும், மாதிரி எடுப்பில் எங்கே சறுக்கல் வரும் என்று அறியவும் ஒரு பருவத்துப் புள்ளியியல் பாடம் போதும். இதழாளராகவும் வழக்கறிஞராகவும் அரசியல் செயற்பாட்டாளராகவும் போகப் போகிறவர்கள் இவர்கள்தான். மக்கள்தொகைக் கணக்கையும் இட ஒதுக்கீட்டுத் தரவையும் நிதிநிலை அறிக்கையையும் மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியவர்களுக்கு இந்தப் பாடத்தை மறுப்பது அநியாயம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் கலைப்பாடங்களுக்கு எதிர்காலம் இருக்கிறதா?

கட்டுரை எழுதுவதையும் நிரல் எழுதுவதையும் அது ஒருசேரத் தொட்டிருக்கிறது. எனவே ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆபத்து என்று சொல்ல இடமில்லை. அது தரும் விடையில் தவறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் துறையறிவு உள்ளவர் இரு பக்கமும் வேண்டும்.

வேறு வழியில்லாமல் வரலாறோ தமிழோ எடுத்த மாணவரிடம் என்ன சொல்வது?

'இதாவது கிடைத்ததே' என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்றாண்டும் அந்தச் சொல் அவர்களோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அருகிலுள்ள கோயில் சுவரின் கல்வெட்டையோ, வீட்டிலுள்ள பழைய நிலப்பத்திரத்தையோ அவர்களிடம் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பத்திரத்தில் உள்ள நில அளவும், எல்லை சொல்லும் முறையும், கையெழுத்திட்டவர்கள் யார், கைநாட்டு வைத்தவர்கள் யார் என்பதும் ஓர் ஊரின் நூறாண்டுக் கதையைச் சொல்லும். அதை வாசித்துக் காட்டும் பிள்ளையை வீடு மதிக்கத் தொடங்கும். பிள்ளையும் தன் பாடத்தை மதிக்கத் தொடங்கும்.

ஒரு பக்கம் சேர்ந்த பிறகு மறுபக்கம் மாற முடியுமா?

முடியும், ஆனால் கதவுகள் இரு பக்கமும் ஒரே அகலத்தில் திறப்பதில்லை. பி.எஸ்சி. முடித்தவர் மூன்றாண்டுச் சட்டப்படிப்பு, சமூகப்பணி, இதழியல், மேலாண்மை ஆகியவற்றிலும், பல பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. வரலாறு முதலியவற்றிலும் சேரலாம். பி.ஏ. முடித்தவர் எம்.எஸ்சி. இயற்பியலில் சேர முடியாது. எம்.சி.ஏ. சேரக்கூடப் பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்தவர்களையே பல இடங்களில் விரும்புகிறார்கள். அதனால் இரண்டிலும் விருப்பமுள்ள, கணிதம் ஓரளவு வரும் மாணவர், பதினோராம் வகுப்பில் கணிதத்தை விடாமல் இருப்பது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதி அளித்துள்ளது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பைக் கலைப்பாட மாணவரும் தகுதித் தேர்வு எழுதி, தம் பட்டப்படிப்போடு சேர்த்தே படிக்கலாம். அதே நிறுவனம் 2006 முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. நடத்தியது என்பதையும், பொறியியல் நிறுவனங்களே கலைத்துறையின் தேவையை உணர்ந்ததற்கு அடையாளமாகக் குறிப்பிட வேண்டும்.

சேர்வதற்கு முன் இரண்டு செய்திகளைக் கட்டாயம் விசாரியுங்கள். பொருளியல், வணிகவியல் போன்ற சில பாடங்களில் முதுகலை முடித்தால்தான் பி.எட். சேர முடியும் என்பதால், ஆசிரியராக விரும்புபவர் அதற்கான ஆண்டுகளையும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடுத்து, கல்லூரிகள் புதுப் பெயர்களில் வழங்கும் பட்டங்களுக்கு, அரசுப் பணிக்காக வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வில் வென்று சான்றிதழ் சரிபார்ப்பு வரை வந்தபிறகு, இணைத்தன்மை இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் பட்டதாரிகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும் முன்பே அந்த அரசாணையின் எண்ணையும் நாளையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.